ஊற்றுக்கண்ணும் வாய்க்காலும்: அல் அய்ன் கால்பந்துக் கழகத்தின் வரலாறு

கொல்கத்தாவில் குடியிருப்பவருக்குக் கால்பந்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மோகன் பாகனும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில், பேருந்து நடத்துனர் முதல் வங்கி மேலாளர் வரை இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மோகன் பாகன் வென்றால் இறால் விலை ஏறும். ஈஸ்ட் பெங்கால் வென்றால், தமிழில் உல்லம் எனப்படும் ஹில்சா மீனின் விலை ஏறும். ஆகவே இந்தக் கட்டுரையையும் கொல்கத்தாக் குழு ஒன்றின் வெற்றியிலிருந்தே தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி. ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பையின் இறுதியாட்டம். சுபாஷ் பௌமிக் பயிற்றுவித்த ஈஸ்ட் பெங்கால் குழு, தாய்லாந்தின் பெக் டேரோ சாசனா குழுவை 3-1 என்ற கணக்கில் வென்றது. பாய்ச்சுங் பூட்டியா ஆடிய குழு அது. கொல்கத்தா அன்று தூங்கவில்லை.

சரியாகப் பதினொரு வாரங்கள் கழித்து, அக்டோபர் 11ஆம் தேதி, அதே பெக் டேரோ சாசனா இன்னோர் இறுதியாட்டத்தில் இறங்கியது. இது ஆசியக் கண்டம் முழுமைக்குமான சாம்பியன்ஸ் லீக் கோப்பை. எதிரே நின்றது ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் கழகம். இறுதிப் போட்டி இரண்டு ஆட்டங்களைக் கொண்டது. முதல் ஆட்டத்தைத் தன் ஊரில் 2-0 என்று அல் அய்ன் வென்றிருந்தது. பாங்காக்கில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 0-1 என்று தோற்றது. கூட்டிப் பார்த்தால் 2-1. கோப்பை அல் அய்னுக்கு.

ஒரே எதிரியை ஓர் ஆட்டத்தில் வென்றதைக் கொண்டு ஈஸ்ட் பெங்காலும் அல் அய்னும் சமம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டுக்கும் இடையே எட்டாத தூரம் அன்று இருக்கவில்லை என்று சொல்லலாம். அதன்பின் அல் அய்ன் ஆசியக் கோப்பையை இன்னொரு முறை வென்றது. உலகக் கழகக் கோப்பையின் இறுதியாட்டம் வரை போனது. 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்காலைவிட 48 ஆண்டுகள் இளைய கழகம் இது. இந்தத் தூரம் எப்படி வந்தது? "எண்ணெய்ப் பணம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் பாதிதான் சரி என்பது இந்த வரலாற்றைப் படித்தால் விளங்கும்.

ஊரும் பேரும்

அரபு மொழியில் "அய்ன்" என்ற சொல்லுக்குக் கண் என்றும் பொருள், நீரூற்று என்றும் பொருள். தமிழருக்கு இதை விளக்க அகராதி தேவையில்லை. நாமும் "ஊற்றுக்கண்" என்றுதானே சொல்கிறோம்?

அல் அய்ன் கடற்கரை நகரம் அன்று. அபுதாபி அமீரகத்தின் உட்பகுதியில், ஓமான் எல்லையை ஒட்டி, ஹஃபீத் மலையடிவாரத்தில் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் இருப்பது ஓமானின் புரைமி. சுற்றிலும் மணல், நடுவில் பேரீச்சந்தோப்புகள். இந்தத் தோப்புகளுக்கு நீர் தருபவை "ஃபலஜ்" எனப்படும் வாய்க்கால்கள். மலையடியில் நிலத்துக்குக் கீழே உள்ள நீரைச் சுரங்கம்போல் வெட்டிய வழியில் மெல்ல இறக்கித் தோப்புக்குக் கொண்டு வருவார்கள். பிறகு முறை வைத்துப் பங்கிடுவார்கள். நம் கிராமங்களில் ஏரிப் பாசனத்துக்கு முறை வைப்பது போலத்தான். இங்குள்ள ஃபலஜ்களில் சில ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையானவை. 2011இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1946 முதல் 1966 வரை இந்தப் பகுதியை அபுதாபி ஆட்சியாளரின் பிரதிநிதியாக நிர்வகித்தவர் ஷேக் ஸாயித். பழுதுபட்ட ஃபலஜ்களைச் செப்பனிட்டவர் என்பது அவருக்கு முதலில் கிடைத்த நற்பெயர். 1966இல் அபுதாபியின் ஆட்சியாளரானார். 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவானபோது அதன் முதல் தலைவரானார். கழகத்தின் கதையில் இந்தக் குடும்பம் தொடர்ந்து வரும்.

மணலில் ஒரு கழகம்

1960களின் நடுவில் அந்த ஊரில் புல்தரை மைதானம் ஏது? பிரிட்டிஷ் படையினர் பந்தாடுவதை வேடிக்கை பார்த்த உள்ளூர் இளைஞர்கள், தாங்களும் மணலில் ஆடத் தொடங்கினார்கள். 1968இல், நமக்கென்று ஒரு கழகம் வேண்டும் என்று கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் உள்ளூர்க்காரர்கள் மட்டும் இருக்கவில்லை. பஹ்ரைனிலிருந்து வந்திருந்த மாணவர்களும், அங்கே வேலை பார்த்த சூடான் நாட்டவரும் கழகத்தைத் தொடங்கியவர்களில் அடங்குவர். கழகத்தின் பிறப்பிலேயே வெளியூர்க்காரரின் கை இருக்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஷேக் ஸாயிதின் மூத்த மகன் ஷேக் கலீஃபா கழகத்துக்கு நிலையான ஓர் இடமும் ஆட்டக்காரர்களை ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும் கொடுத்தார். கூடிய சில ஆண்டுகளிலேயே ஒரு பகுதியினர் பிரிந்துபோய் "தளாமுன்" என்ற பெயரில் தனிக் கழகம் கண்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் ஒற்றுமை! சங்கங்களில் பழகியவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. நல்லவேளையாக 1974இல் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. அப்படி ஒன்றானதுதான் இன்றைய அல் அய்ன் கழகம். அதன் முழுப்பெயர் "அல் அய்ன் விளையாட்டு, பண்பாட்டுக் கழகம்". கால்பந்து அதன் ஒரு பிரிவுதான்.

தொடக்கத்தில் சீருடை பச்சையும் வெள்ளையும். இணைப்புக்குப் பின் சிவப்பு. 1977இல் மொராக்கோ சென்றிருந்தபோது, அங்கு ஆட வந்திருந்த பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் குழுவின் ஊதா நிறச் சட்டை இவர்கள் கண்ணைக் கவர்ந்தது. அது முதல் அல் அய்னின் நிறம் ஊதா. இன்று அந்த நிறத்தைக் கண்டாலே அமீரகத்தார் ஊரின் பெயரைச் சொல்வார்கள். இரவல் வாங்கிய நிறம்தான். ஆனால் அரை நூற்றாண்டு உடுத்திய பிறகு அதை இரவல் என்று யார் சொல்வார்?

1976-77 பருவத்தில் அமீரக லீக் பட்டம் முதன்முறையாகக் கிடைத்தது. 1980-81, 1983-84 என்று மேலும் இரண்டு. பிறகு ஒன்பது ஆண்டுகள் வறட்சி. 1992-93இல்தான் அடுத்த பட்டம். பணம் இருந்தும் பட்டம் வராத ஆண்டுகள் அவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

2003: ஆசியாவின் உச்சியில்

2002 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், உலகச் சாம்பியனான பிரான்ஸைச் செனகல் வீழ்த்தியது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் செனகல் குழுவின் பயிற்சியாளர் புருனோ மெட்சு அதே ஆண்டில் அல் அய்னுக்கு வந்தார். 2001-02, 2002-03, 2003-04 எனத் தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள் கழகத்துக்குக் கிடைத்த காலம் அது. நாம் முதலில் பார்த்த ஆசியக் கோப்பையும் மெட்சுவின் காலத்தில் வந்ததே. ஆசியக் கழகப் போட்டி "சாம்பியன்ஸ் லீக்" என்று புதிய வடிவம் பெற்ற முதல் முறை அது. அமீரகக் கழகம் ஒன்று ஆசியச் சாம்பியன் ஆனதும் அதுவே முதல் முறை.

அடுத்த வாய்ப்பு 2005இல் வந்தது. இறுதியில் சவூதி அரேபியாவின் அல் இத்திஹாதிடம், இரண்டு ஆட்டங்களையும் கூட்டி 3-5 என்று தோல்வி. 2016இல் மீண்டும் இறுதிப் போட்டி. தென்கொரியாவின் ஜியோன்புக் குழுவிடம் 2-3 என்று தோல்வி. ஆக இரண்டாம் கோப்பைக்காகக் கழகம் காத்திருந்தது 21 ஆண்டுகள்.

தொழில்முறை என்பதன் பொருள்

2008இல் அமீரக லீக் முழுமையான தொழில்முறை லீக் ஆயிற்று. இந்தச் சொல்லைச் சற்று விளக்க வேண்டும். அதுவரை அமீரக ஆட்டக்காரர்களில் பலர் காவல் துறையிலோ ராணுவத்திலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே மாலையில் ஆடியவர்கள். நம் நாட்டில் ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தொழில்முறை வந்ததும் ஆட்டக்காரருக்கு ஆட்டமே வேலை. கழகத்தின் கால்பந்துப் பிரிவு தனி நிறுவனமாக வேண்டும். ஒப்பந்தம், வரவுசெலவுக் கணக்கு, மைதானம், இளையோர் பயிற்சி ஆகிய எல்லாவற்றுக்கும் வரையறை உண்டு. இவை இருந்தால்தான் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் ஆட இடம் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு வற்புறுத்தியதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

2011இல் கானா நாட்டின் அசமோவா கியான் வந்தார். தொடர்ந்து மூன்று பருவங்களில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். 2014 ஜனவரியில் ஹஸ்ஸா பின் ஸாயித் அரங்கம் திறக்கப்பட்டது. சுமார் 25,000 பேர் அமரலாம். பேரீச்ச மரத்தின் அடித்தண்டில் மட்டை வெட்டிய தழும்புகள் அடுக்கடுக்காகத் தெரியுமே, அந்த வடிவத்தில் அதன் வெளிச்சுவரை அமைத்திருக்கிறார்கள். ஊருக்குச் சோறு போட்ட மரத்தை அரங்கத்தின் மேல் எழுதி வைத்திருக்கிறார்கள் எனலாம்.

இக்காலத்தின் பெரிய ஆட்டக்காரர் உமர் அப்துர்ரஹ்மான். ரசிகர்கள் "அமூரி" என்பார்கள். பிறந்தது ரியாத்தில், குடும்பத்தின் பூர்விகம் ஏமன். சிறுவனாக இருந்தபோதே சவூதிக் கழகம் ஒன்று அவரை விரும்பியது. ஆனால் அமீரகமோ குடும்பம் முழுவதற்கும் குடியுரிமை தர முன்வந்தது. குடும்பம் அல் அய்னில் குடியேறியது. அவருடைய சகோதரர்கள் முகமது, காலித் இருவரும் அதே கழகத்துக்கு ஆடினார்கள். 2016இல் ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது அமூரிக்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமீரகத்தின் மக்கள்தொகையில் குடியுரிமை உடையவர் ஏறக்குறைய பத்தில் ஒருவரே. மற்றவர்கள் நம் நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள். திறமை மிக்க ஏமன் சிறுவனுக்குத் திறந்த கதவு, அங்கேயே பிறந்து வளர்ந்த மற்றத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெகுகாலம் திறக்கவில்லை. அமீரகத்தில் பிறந்த வெளிநாட்டார் பிள்ளைகள் அதிகாரபூர்வப் போட்டிகளில் ஆடலாம் என்ற நிலை 2018 வாக்கில்தான் வந்தது. வெளியூர்க்காரரும் சேர்ந்து தொடங்கிய ஒரு கழகத்தின் நாட்டில், அதற்கு 50 ஆண்டுகள் ஆயின.

2018: பத்து நாட்களில் நான்கு ஆட்டங்கள்

2018 டிசம்பரில் உலகக் கழகக் கோப்பைப் போட்டி அமீரகத்தில் நடந்தது. போட்டியை நடத்தும் நாட்டின் லீக் சாம்பியன் என்ற முறையில் அல் அய்னுக்கு இடம். டிசம்பர் 12ஆம் தேதி முதல் ஆட்டம், நியூசிலாந்தின் டீம் வெலிங்டனுடன். கால்பந்தையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் பலர் ஆடிய குழு அது. அந்தக் குழு சொந்த ஊரிலேயே அல் அய்னுக்கு எதிராக மூன்று கோல் அடித்து 3-0 என்று முன்னிலை பெற்றது! பாதியில் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அல் அய்ன் மூன்றையும் திருப்பி அடித்தது. பெனால்டி உதைகளில் 4-3 என்று வென்றது.

அடுத்து ஆப்பிரிக்கச் சாம்பியனான துனிசியாவின் எஸ்பெரான்ஸ். 3-0 என்று வெற்றி. அரையிறுதியில் தென்அமெரிக்கச் சாம்பியனான அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட். ஆட்டம் 2-2 என்று நிற்க, மீண்டும் பெனால்டி உதைகள். கடைசி உதையைக் கோல் காவலர் காலித் ஈசா தடுத்தார், 5-4. டிசம்பர் 22ஆம் தேதி இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் 4-1 என்று வென்றது. அல் அய்னின் ஒரே கோலை அடித்தவர் ஜப்பானியரான ஷியோதானி. தோல்விதான், ஆனால் உலகப் போட்டியில் இரண்டாம் இடம்.

2024: மழையும் வெற்றியும்

2024ஆம் ஆண்டு ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் அல் அய்ன் நடந்த பாதை கடினமானது. காலிறுதியில் கிறிஸ்டியானோ ரொனால்டோ ஆடிய சவூதியின் அல் நஸ்ர். இரண்டு ஆட்டங்களையும் கூட்டி 4-4 என்று சமநிலை. பெனால்டி உதைகளில் அல் அய்ன் 3-1 என்று வென்றது. கோலைக் காத்து நின்றவர் அதே காலித் ஈசா.

அரையிறுதியில் சவூதியின் அல் ஹிலால். தொடர்ந்து 34 ஆட்டங்களை வென்று உலகச் சாதனை படைத்துவிட்டு வந்த குழு. முதல் ஆட்டம் ஏப்ரல் 16ஆம் தேதி அல் அய்னில் நடக்க வேண்டும். அன்று அமீரகத்தில், 1949இல் பதிவுகள் தொடங்கிய நாள் முதல் காணாத மழை பெய்தது. அல் அய்ன் வட்டாரத்தின் கத்ம் அல் ஷக்லா என்னும் இடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. ஊற்றுநீரை முறை வைத்துப் பங்கிட்ட ஊரில் வெள்ளம்! ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. மறுநாள் மொராக்கோ நாட்டவரான சுஃபியான் ரஹீமி மூன்று கோல் அடிக்க, அல் அய்ன் 4-2 என்று வென்றது. அல் ஹிலாலின் தொடர் வெற்றி அங்கே முடிந்தது. ரியாத்தில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கு 5-4.

இறுதிப் போட்டியில் ஜப்பானின் யோகோஹாமா எஃப். மரினோஸ். ஜப்பானில் 1-2 என்று தோல்வி. மே 25ஆம் தேதி ஹஸ்ஸா பின் ஸாயித் அரங்கில் 5-1 என்று வெற்றி. மொத்தம் 6-3. அந்தப் போட்டித் தொடரில் ரஹீமி அடித்தவை 13 கோல்கள். பயிற்சியாளர், அர்ஜென்டினாவின் எர்னான் கிரெஸ்போ.

கதையை இங்கேயே முடித்தால் மங்களகரமாக இருக்கும். ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. ஆறு மாதம் முடியும் முன்பே, 2024 நவம்பரில், கிரெஸ்போ நீக்கப்பட்டார். அடுத்த ஆசியப் போட்டியில் கழகம் முதல் சுற்றையே தாண்டவில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவில் நடந்த உலகக் கழகக் கோப்பையில் யுவெண்டஸிடம் 0-5, மான்செஸ்டர் சிட்டியிடம் 0-6 என்று தோற்றது. மொராக்கோவின் விதாத் குழுவை மட்டும் 2-1 என்று வென்று திரும்பியது. உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே ஓராண்டுதான்.

நாம் கற்பது என்ன?

முதலாவது, பணம் ஊற்று அன்று, அது வாய்க்கால். வளைகுடாவில் பணமுள்ள கழகங்கள் பல உண்டு. அவை எல்லாம் அல் அய்ன் ஆகிவிடவில்லை. மணலில் பந்தாடிய இளைஞர்களின் ஆசையும், தன் பெயரைத் தாங்கிய கழகத்தை ஊர் விட்டுக்கொடுக்காமல் இருந்ததுமே ஊற்று. புரவலர்கள் கொடுத்த இடமும் அரங்கமும் பயிற்சியாளரும் அந்த நீரைப் பயிருக்குக் கொண்டு சேர்த்தன.

இரண்டாவது, வாய்க்கால் இல்லாத ஊற்றும் வீணே. கொல்கத்தாவில் ஊற்றுக்கு என்றும் குறைவில்லை. பருவந்தோறும் சால்ட் லேக் அரங்கில் கூடும் கூட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் ஜகார்த்தாவில் கிடைத்த வெற்றியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற இங்கே படிக்கட்டு இருக்கவில்லை. அமீரகம் 2008இல் தொழில்முறைக்கு மாறியது. ஈஸ்ட் பெங்கால் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்ததே 2020இல்தான். பணத்தின் அளவை விட்டுவிடுவோம். இந்தக் கால இடைவெளியையாவது நாம் குறைத்திருக்கலாம்.

மூன்றாவது, ஒரு ஊரின் கழகத்தை அந்த ஊர்க்காரர் மட்டுமே உண்டாக்குவதில்லை. சூடானியரும் பஹ்ரைனியரும் தொடங்கி வைக்க, பிரெஞ்சுக்காரர் பயிற்றுவிக்க, ஏமன் வழிவந்தவர் பந்தை நகர்த்த, மொராக்கோக்காரர் கோல் அடிக்க, வென்றது அல் அய்ன் என்ற ஊர். கிழக்கிலிருந்து வந்தவர்களின் கழகமாகத் தொடங்கிய ஈஸ்ட் பெங்காலும் இன்று கொல்கத்தாவின் சொத்து அல்லவா? ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் வைத்திருக்கும் நமக்கு இது பெருமைப்படவும் வேண்டிய செய்தி, பொறுப்புணரவும் வேண்டிய செய்தி. வந்த ஊரின் ஊற்றிலிருந்து நாமும் முறை வைத்து நீர் எடுக்கிறோம். வாய்க்காலைத் தூர்வாரும் நாளில் நம் கையும் அங்கே இருக்க வேண்டும்.

அடுத்த முறை சால்ட் லேக்கில் ஆட்டம் நடக்கும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். எந்தக் கட்சி என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். உல்லமா, இறாலா என்பதை வீடு திரும்பிய பிறகு பேசிக்கொள்ளலாம்.